எங்கள் தரை, அவளுடைய கூரை

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி திரேசா உள்ளறையில் போய்ப் படுத்துவிட்டாள். நான் புது வீட்டின் ஹோலில், சீமெந்துத் தரையில் பாயை விரித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு பலகை. பலகையில் பழைய றேடியோ வால்வு ஒன்று. காதில் ஹெட்போன்.

எங்கள் ஊர் பாப்பாமோட்டைக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. அன்று காற்றும் விழுந்துவிட்டது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. ஹெட்போனில் எங்கோ தூரத்து நிலையத்தின் பாட்டு ஒன்று மெலிதாக இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு நடுவே 'டிங்' என்று ஒரு சத்தம். வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ஹெட்போனைக் கழற்றினேன். திரேசாவின் குறட்டையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. (குறட்டையே விடுவதில்லை என்று அவள் சத்தியம் செய்வாள்.) மறுபடி மாட்டினேன். டிங்.

இந்த வால்வின் குணம் எனக்குத் தெரியும். தரை அதிர்ந்தால் அது மணி அடிக்கும். ஆனால் வீட்டில் நடமாட ஆள் இல்லையே! சத்தத்தைக் கேட்கக் கேட்க, தரையின் அடிப்பக்கத்தில் இருந்து யாரோ தட்டுவதுபோல இருந்தது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தின் கீழ் இருந்துவிட்டேன்.

மிக்ஸியும் பல்பும்

அகதி முகாமில் இருந்து நாங்கள் ஊர் திரும்பியதை முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "இருபது வருஷம் இந்தியாவில் இருந்துவிட்டு என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேட்டதுதான் கேட்டார், திரேசா இருக்கும்போது கேட்டிருக்கக்கூடாது. கடிதத்தை வாசித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

மற்றவர்கள் மிக்ஸி கொண்டுவந்தார்கள். சேலை கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பம் தையல் மெஷினைக் கழற்றி மூன்று பொதியாகக் கட்டிக்கொண்டு வந்தது. நான் பழைய துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது ஒரு கண்ணாடிக் குமிழ்.

முகாமில் இருந்த காலத்தில் பக்கத்து ஊர்க் கடையொன்றில் றேடியோ திருத்தினேன். அங்கே ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, இரும்புக் கடைக்கு வந்த குப்பையில் இருந்து அதைப் பொறுக்கினேன். றேடியோ பிறந்த காலத்துச் சாமான். அந்தக் காலத்துப் பெட்டிகளில் டிடெக்டர் வால்வு என்று இப்படி ஒன்று இருக்கும். சில பெட்டிகளில் அது ஒன்றுதான் இருக்கும்.

"பியூஸ் போன பல்பைச் சாமி சிலைமாதிரிப் பிடிச்சுக்கொண்டு வாறியள். சனம் சிரிக்குது" என்றாள் திரேசா.

"இது பியூஸ் போகேல்லையடி. இன்னும் எரியும்."

"எரிஞ்சு? சோறு வேகுமோ?"

நான் குமிழை மறுபடி துணியில் சுற்றினேன்.

காது கூடிய கண்ணாடி

டிடெக்டர் என்ன செய்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இருந்து வரும் அலையின்மேல் மனிதக் குரல் ஏறி வருகிறது. அலையை விலக்கிக் குரலைப் பிரித்துத் தருவதுதான் இதன் வேலை. கண்ணாடிக்குள்ளே சூடேறுகிற ஒரு மெல்லிய இழை, அதைச் சுற்றிக் கம்பிவலை, வெளியே ஒரு தகடு. அவ்வளவுதான். டோர்ச் பற்றரி இரண்டும் ஒன்பது வோல்ட் பற்றரி ஐந்தும் இருந்தால் உயிர் வந்துவிடும்.

ஆனால் பழைய வால்வுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே இருக்கும் இழையும் வலையும் மயிர்போல மெலிந்தவை. பலகையை லேசாகத் தட்டினாலும் அவை ஆடும். அந்த ஆட்டம் ஹெட்போனில் மணிச் சத்தமாகக் கேட்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் வால்வைச் சுருள்கம்பி வைத்த பிடியில் நிறுத்தினார்கள்.

எனக்குக் கிடைத்த பிடியில் சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. பிடியைப் பலகையோடு இறுக்கி ஆணி அடித்துவிட்டேன். அதன் பிறகு என் வால்வு வானத்தைவிடத் தரையைத்தான் அதிகம் கேட்டது. பூனை நடந்தாலும் சொல்லிவிடும்.

வெண்கட்டிக் கோடு

மறுநாள் திரேசாவைத் தூங்கவிடவில்லை.

"இஞ்ச வந்து நட. சுவரோரமா நட. நான் சொல்லேக்க நில்."

"உங்களுக்கு விசரோ? வாற ஞாயித்துக்கிழமை பங்குச் சுவாமி புது வீட்டை ஆசீர்வதிச்சு மந்திரிக்க வாறார். நாப்பது பேருக்குச் சாப்பாடு. நான் இதில நடை பழகிறதோ?"

திட்டிக்கொண்டேதான் நடந்தாள். அவள் ஒரு அடி வைக்க, வால்வு 'டிங்' என்று அடித்து உடனே அடங்கியது. நான் பலகையைத் தரையில் இழுத்து அடுத்த இடத்தில் வைத்தேன். மறுபடி நடந்தாள். ஹோலின் நடுப்பக்கம் வந்தபோது மணி அடங்க மறுத்தது. 'டிங்ங்ங்' என்று நீண்டு, ஒரு கிணற்றுக்குள் போவதுபோல இறங்கியது.

அந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன்.

மூன்று மத்தியானம் இப்படி நடந்தது. அவள் நடப்பாள், நிற்பாள். நான் பலகையை இழுப்பேன். இரண்டாம் நாள் ஆத்திரம் தாங்காமல் ஹோலின் நடுவே நின்று வலது காலால் ஓங்கித் தரையில் அடித்தாள். ஹெட்போனில் அது கோயில் மணிபோல விழுந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் புள்ளிகளைக் கோடாக இணைத்தேன். நீள்சதுரம். பத்தடி நீளம், ஆறடி அகலம். கோணல் இல்லாத நாலு பக்கம். இயற்கை இப்படிச் சதுரம் கீறாது என்று எனக்குத் தெரியும்.

திரேசா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் இருந்த கோபம் வடிந்துபோயிற்று.

"இது குழியெல்லே?"

"ஓம். நிரப்பாத குழி. மேல மட்டும் மூடியிருக்கு."

நாங்கள் இந்தியாவுக்குப் போன பிறகு இந்தக் காணியில் யார் யார் இருந்தார்கள், என்னென்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது பழைய வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. பற்றை மட்டும்தான். வீட்டுத்திட்டத்தில் இந்தப் புது வீடு எழும்பியது. கீழே ஆயுதம் இருக்கலாம். ஆள் இருக்கலாம். எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் அன்று இரண்டையும்தான் நினைத்தேன்.

"விதானையாரிட்டச் சொல்லுவமோ?" என்றேன். எங்கள் கிராம அதிகாரி அவர்தான்.

"சொன்னால்? ஆமி வரும், மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வருவினம், மஞ்சள் நாடா கட்டுவினம். எங்களைத் திரும்ப ஒரு கொட்டிலுக்கு அனுப்புவினம். இருபது வருஷம் தகரத்துக்குக் கீழ இருந்தனான். செத்தாலும் இந்த வீட்டை விட்டு எழும்பமாட்டன்."

"அப்ப நாப்பது பேரை இதில ஏத்தேலுமோ? மாரியும் வருது. இடிஞ்சு விழுந்தால்?"

அவள் அழத் தொடங்கினாள். முகாமில் பிள்ளை இல்லாத குறைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து வந்தவள்

அந்த நேரம் பார்த்துத் தவமணி வந்தாள். வேலிக்கு அப்பால் குடியிருப்பவள். கணவன் இல்லை. சண்டை முடியும் வரை இந்தப் பக்கமே கிடந்து, கடைசியில் வவுனியா முகாமுக்குப் போய், எங்களுக்கும் பின்னால்தான் ஊர் திரும்பியவள். அதற்குள் எங்கள் வீட்டுக்குத் தரை போட்டு முடிந்துவிட்டது.

நல்ல மனுசி. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்றுவிடுவாள். கதிரை போட்டாலும் இருக்கமாட்டாள். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர் என்பதால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருந்தோம்.

அன்றும் வாசலில் நின்றபடி, திரேசாவின் அழுகையைப் பார்த்தாள். பிறகு தரையில் இருந்த கோட்டைப் பார்த்தாள். கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கிழக்கால தள்ளிக் கீறுங்கோ" என்றாள். "வாசல் அங்காலதான்."

நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்று மிதி

தவமணியின் வீடு பீரங்கிச் செல் விழுந்து எரிந்தபோது எங்கள் பழைய வீட்டில் வந்து இருந்திருக்கிறாள். ஹோலுக்குள்ளேயே பதுங்கப் பங்கர் வெட்டியவர்கள் அவளும் அவளுடைய தம்பியும்தான். கூரைக்குப் பனங்குத்தி போதவில்லை. எங்கள் அறைக் கதவுகளைக் கழற்றிப் பரப்பி, மேலே மண் போட்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்த நாளில் இருந்து "எங்கட கதவைக் களவெடுத்தவன் உருப்படமாட்டான்" என்று திரேசா சாபம் போட்டது முழு ஊருக்கும் கேட்டிருக்கும்.

"அதாலதான் சொல்லேல்லை அக்கா. முகத்தைப் பார்த்து எப்பிடிச் சொல்லுறது? தரையும் போட்டாச்சு. வீடு கட்டின கொந்துறாத்துக்காரன் மண் நிரப்பியிருப்பான் எண்டு என்னை நானே தேத்திக்கொண்டன்."

"உள்ளுக்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. ஒரு பீப்பாவும் பாயும்தான். கலா இருந்தவள்."

கலா அவளுடைய ஒரே மகள். இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்து பிடித்துக்கொண்டு போன காலம் அது. கலாவுக்குப் பதினாறு வயது. 'இந்தியாவுக்கு அனுப்பிவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, எட்டு மாதம் மகளைப் பங்கருக்குள்ளேயே வைத்திருந்தாள் தவமணி.

கீழே உள்ள பிள்ளையோடு வாய்விட்டுக் கதைக்க முடியாது. காலால்தான் கதைத்தார்கள். மேலே மூன்று தரம் மிதித்தால் சாப்பாடு வருகிறது. இரண்டு தரம் என்றால் மேலே வரலாம். ஒரு தரம் என்றால் ஆள் வந்திருக்கு, அசையாதே.

"அந்தத் தரையில காலை வைச்சால் அவளுக்கு ஏதோ சொல்லுறமாதிரி இருக்கும் அக்கா. அதாலதான் உள்ளுக்க வாறேல்லை."

திரேசா எழுந்துபோய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கலா சொன்னது

வெள்ளிக்கிழமை, தவமணி காட்டிய மூலையில் அலவாங்கால் சீமெந்தைக் குத்தி உடைத்தேன். இரண்டடிச் சதுரம். ஒவ்வொரு குத்துக்கும் திரேசா கண்ணை மூடிக்கொண்டாள். சீமெந்து விலக, கீழே இருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்து என் முகத்தில் பட்டது. பழைய மண்ணெண்ணெய் மணம்.

தவமணி சொன்னது சரி. ஒரு பாய், ஒரு தகரப் பீப்பா. உக்கிய கூரையில் இருந்து மண்கட்டிகள் அந்தப் பீப்பாவின் மூடியில் விழுந்துகொண்டிருந்தன. என் வால்வு கேட்ட தட்டல் அதுதான். பயந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் முடிந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கலா வந்தாள். திரும்பி வந்த நாள் முதல் பாலத்துக்கு அப்பால் உள்ள தீவில், தோட்டவெளியில் சித்தி வீட்டில் இருந்து தையல் வேலைக்குப் போகிறவள். பாலம் கடந்து இந்த ஊருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. தாய் சொல்லி அனுப்பியதைக் கேட்டு, தானாகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

டோர்ச்சை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினாள். ஐந்து நிமிஷம் கழித்து மேலே வந்து, குழி விளிம்பில் கால் தொங்கப்போட்டு இருந்தாள்.

"இவ்வளவு சின்னதோ?" என்றாள். பிறகு வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். "அம்மா, உங்களிட்ட ஒண்டு சொல்லேல்லை. நீங்கள் வயலுக்குப் போனாப் பிறகு, மத்தியானத்தில, மேல ஆரோ நடக்கிறவை."

"ஆர் நடக்கிறது? வீடு பூட்டித்தானே கிடந்தது!"

"ஒரு ஆள் நடக்கும். நிக்கும். பிறகு ஒரு பலகை தரையில இழுபடும். திரும்ப நடக்கும். என்ரை தலைக்கு மேல நாலு பக்கமும் சுத்தி அளந்தமாதிரி. மூண்டு நாள். ஒருக்கா அந்த ஆள் கோவத்தில காலை ஓங்கி அடிச்சுது. ஒரு மிதி எண்டால் அசையக்கூடாதெல்லே? நான் அண்டு முழுக்க அசையேல்லை. என்னைக் கண்டுபிடிச்சிட்டினம் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் நீங்கள் மிதிச்சும் மேல வராமல் கிடந்தனான்."

திரேசா என் தோளை இறுக்கினாள். நகம் பதிந்தது.

நாங்கள் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தவமணி கண்டது முடிந்த கோட்டை மட்டும்தான். நடந்ததும், பலகை இழுத்ததும், காலால் அடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

இருட்டில் மாதக்கணக்காகக் கிடந்த பிள்ளையின் காது எதையும் உண்டாக்கும். இப்போதும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். றேடியோ திருத்துகிறவன் வேறு என்ன சொல்வது?

"பிறகு எப்பிடி மேல வந்தனி?" என்று திரேசா கேட்டாள்.

"கடைசியா ஒருநாள் கனபேர் வந்திச்சினம். நாப்பது, ஐம்பது பேர் இருக்கும். எல்லாரும் ஒண்டா முழந்தாளிலை இருந்தமாதிரிப் பாரமா ஒரு சத்தம். மண் கொட்டுப்பட்டுது. முழந்தாளிடுற ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போக வந்தவையா இருக்கமாட்டினம் எண்டு எனக்குத் தோன்றிச்சுது. பயம் போயிட்டுது. அந்த நேரம் அம்மா கூப்பிட்டது கேட்டுது. வந்திட்டன்."



"அண்டுதான் ஊர் முழுக்க வீடு வாசலை விட்டிட்டு எழும்பின நாள்" என்றாள் தவமணி. "செல் கிட்ட வந்திட்டுது. மூண்டு நாளாக் கூப்பிட்டும் வராதவள் அண்டு வந்தவள். வராட்டி நான் விட்டிட்டுப் போயிருக்கமாட்டன். ரெண்டு பேரும் இதுக்குள்ளேயே முடிஞ்சிருப்பம்."

எங்கள் வீட்டில் நாற்பது பேர் முழந்தாளிடப்போவது மறுநாள்தான்.

மண் வேண்டாம்

குழியை நிரப்ப அன்று பின்னேரம் ட்ரக்டரில் மண் வருவதாக இருந்தது. மந்திரிப்பை வேப்பமரத்தின் கீழ் வைக்கலாம் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். தவமணி வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"அண்ணை, மண் போடாதேங்கோ. நாளைக்கு இஞ்சதான் முழந்தாளிடவேணும்."

"அவள் மேல வந்திட்டாளே தங்கச்சி. இந்தா, கண்ணுக்கு முன்னால இருக்கிறாள்."

"வந்தவள் நீங்கள் முழந்தாளிட்டதாலதானே! நாளைக்கு இடாட்டி, அண்டைக்கு அவள் எப்பிடி மேல வருவாள்?"

அதற்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் ட்ரக்டர்காரனைத் திருப்பி அனுப்பினேன். பன்னிரண்டு பனங்குத்திகள் இறக்கி, இருட்டும்வரை கூரைக்கு முட்டுக் கொடுத்தோம். திரேசாவும் கீழே இறங்கினாள். தலைக்கு மேல் இருந்த தன்னுடைய பழைய கதவை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "நல்ல வேம்பு" என்றாள்.

ஞாயிறு

சுவாமியாரிடம் தரை பலமில்லை, முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். அப்படியானால் ஏன் வெளியில் வைக்கக்கூடாது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"கீழ ஒரு பிள்ளை இருக்குது சுவாமி" என்றாள் திரேசா.

சுவாமியார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

சனம் ஹோல் நிறைய வந்து நின்றது. தீர்த்தம் தெளித்தார், செபம் சொன்னார். "முழந்தாளிடுவோம்" என்றார். நாற்பது பேரும் ஒன்றாக இறங்கினோம். கீழே பனங்குத்திகள் முனகின. எங்கோ மண் சொரிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தவமணி வாசலில் நின்றவள், உள்ளே வந்தாள். முழந்தாளிட்ட சனத்துக்கு நடுவே வழி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து நடந்து வந்தாள். அந்த வீட்டின் தரையில் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைக்கிறாள். ஹோலின் நடுவில் தன் பாரமெல்லாம் சேர்த்து முழந்தாளிட்டாள். அப்படியே குனிந்து வாயைத் தரையோடு வைத்தாள்.

"கலா, பயப்பிடாதை. இவையள் ஒண்டும் செய்யாயினம். மேல வா பிள்ளை."

சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டார்.

வாசற்படியில் நின்ற கலா, தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

"வாறன் அம்மா."